பதினோரு இடத்தில் நான் போட்ட 'ஆம்'

மேல்படிப்புக்கு வெளிநாடு போகிற விமான டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய், பார்த்தேன். உன் நைனா அதை அரிசி ஆலையில் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்துவிட்டார். நான் யாரிடமும் காட்டவில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற எரிச்சல் இன்னும் தீரவில்லை. போனில் பேசலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் "மீட்டிங்ல கீறேம்மா" என்கிறாய். மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். மூன்று வாரமாக நான் அனுப்பியதற்கெல்லாம் அந்தக் கட்டைவிரல்தான் பதில். அதனால்தான் சாலவாக்கம் போய் ஒரு நோட்டு வாங்கி, பத்தாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்தில் இதை எழுதுகிறேன். பதிவுத் தபாலில் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கு. உட்கார்ந்து படி. சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே.

ஐதராபாத்தில் நீ என்ன வேலை செய்கிறாய் என்று நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் என்னைக் கேட்பதுண்டு. "மேல சுத்துற சாட்டிலைட் எடுக்குற படத்த வச்சி, எந்த மேய்ச்சல் நெலத்துல வேலிகாத்தான் எவ்ளோ பூந்துகினு கீதுன்னு மேப் போடுறான்" என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே சொல்வேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினாய். கோடையில் புல் காய்ந்து மண்ணின் நிறத்துக்கு வந்துவிடும், வேலிகாத்தான், புத்தகத்தில் சீமைக் கருவேலம் என்று போடுவார்களே, அது மட்டும் பச்சையாக நிற்கும், மழைக்காலத்துப் படத்தையும் கோடைப் படத்தையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தால் அந்த முள்காடு தனியாகத் தெரிந்துவிடும் என்றாய். நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கைக் காட்டினாய். முக்கால்வாசியை வேலிகாத்தான் விழுங்கியிருந்தது. நம் வீட்டையும் காட்டினாய். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். "இவ்ளோதானா நம்ம வூடு" என்று உன் நைனா கேட்டார். "அதுலயும் பாதி பக்கத்து வூடு" என்றாய். குழம்பு ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதோடு விட்டிருக்கலாம். "படத்த மட்டும் வச்சி சொல்ல முடியாதும்மா. யாராவது நேர்ல போய் பாத்து, இது வேலிகாத்தான், இது இல்லன்னு சொல்லணும். அவங்க சொல்றத வச்சிதான் கம்ப்யூட்டரு கத்துக்கும்" என்றாய். அந்த யாராவது நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மாசி பிறந்ததும் போனுக்கு ஒரு ஃபாரம் வந்தது. மொத்தம் அறுபது இடம். ஒவ்வொன்றுக்கும் மேப்பில் ஒரு நம்பர், நான் எடுத்து அனுப்ப வேண்டிய ஒரு போட்டோ, 'ஆமா, இல்லையா' என்று ஒரு கேள்வி. கேள்வியை இங்கிலீஷில் வைத்திருந்தாய். நான் கேட்டதற்கு, "ஒரே கேள்விதானம்மா, பழகிடும்" என்றாய். எனக்கு அப்போது வேறு வேலையே இல்லாத மாதிரி. நூறு நாள் வேலையில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் மேட்டாக இருந்தேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை வேலைக்கு வந்தவர்களை நிறுத்திப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் அவர்களுக்கு அன்றைய கூலி கிடையாது. சிக்னலுக்காக ஏரிக்கரை மேல் ஏறிப் போனைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்பேன். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நீ கூப்பிடுவாய். "இருவத்தி மூணாம் நம்பர்ல உன் நெழல் வுழுந்துகினு கீது. திரும்ப எடும்மா." பெற்ற தாயின் நிழல் உனக்கு இடைஞ்சல். கீழே இறங்கி, திரும்ப அவ்வளவு தூரம் நடந்துபோய், நிழல் விழாமல் சாய்ந்து நின்று எடுத்து அனுப்பினேன்.

நாற்பத்தொன்பது இடத்துக்கு நான் ஒழுங்காக நடந்தேன். இதை நீ நம்ப வேண்டும். நாற்பத்தொன்பதாவதில் வேலிகாத்தான் முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கியபோது முனை உள்ளேயே ஒடிந்துவிட்டது. நான்கு நாள் காலை ஊன்ற முடியாமல் நொண்டினேன், உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ, "இன்னும் பதினொண்ணுதானம்மா, இந்த வாரத்துக்குள்ள வேணும்" என்று மெசேஜ் போட்டுக்கொண்டே இருந்தாய். அந்தப் பதினொன்றும் கால்வாய்க்கு அந்தப் பக்கம். ஒரு நாள் மத்தியானப் படம் ஏற்றிவிட்டு, நொண்டிக்கொண்டே கால்வாய்க் கரைவரைக்கும் போனேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை, எல்லாம் முள். எனக்கு அது போதும் என்று தோன்றியது. நின்றுகொண்டு ஒன்று, உட்கார்ந்துகொண்டு ஒன்று, இப்படித் திரும்பி ஒன்று, அப்படித் திரும்பி ஒன்று என்று அங்கேயே பதினோரு போட்டோ எடுத்தேன். ஐம்பதிலிருந்து அறுபது வரைக்கும் நம்பர் போட்டு, எல்லாவற்றுக்கும் 'ஆம்' அமுக்கினேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. "சூப்பர்ம்மா" என்று நீ அனுப்பினாய். அதைப் படித்தபோது வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

இதை எழுதும்போது உன் ஆறாம் வகுப்பு ஞாபகம் வருகிறது. பத்து மரத்தின் இலையை ஒட்டிப் பெயர் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். மறுநாள் கொடுக்க வேண்டிய நோட்டு. நீ அதை என்னிடம் காட்டியபோது விளக்கு வைக்கிற நேரம். மோட்டார் கொட்டகைப் பக்கம் இருந்த நாலைந்து மரத்தில் கிடைத்ததைப் பறித்துக்கொண்டு வந்தேன். வில்வம் வேண்டும் என்றாய். புங்கன் இலைக்கொத்தில் மூன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கிள்ளிப்போட்டு, வில்வம் என்று எழுதச் சொன்னேன். "இன்னாமே, புங்கன போய் வில்வம்ன்ற" என்றார் உன் நைனா. "சும்மா இரு, வாத்தியாரு என்ன மோந்தா பாக்கப் போறாரு" என்று அவர் வாயை அடைத்தேன். வெரி குட் போட்டுக் கொடுத்தார்கள். நீ அந்த நோட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாய். வேலை முடிந்தால் போதும் என்பதை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று இப்போது என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். கேட்டு என்ன பிரயோஜனம்?

உன் மேப் ஆடியில் வந்தது. வேலிகாத்தான் இருக்கிற இடமெல்லாம் சிவப்பு. நம் மேய்க்கால், கால்வாய்க்கு அந்தப் பக்கம், அதைத் தாண்டி அடுத்தடுத்த ஊர் ஏரிகளில் தண்ணீர் பிடிக்கிற உள்வாய் எல்லாம் சிவப்பு. யாரும் கேட்காமலேயே அதைப் பஞ்சாயத்துத் தலைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். கெட்ட எண்ணத்தில் செய்தாய் என்று நான் சொல்லமாட்டேன். "முள்ள எடுத்தாங்கன்னா புல்லு வரும், பச்சையம்மா பெரிம்மா ஆட்ட ஓட்டிகினு அலைய வேணாம்" என்றாய். நீ குழந்தையாக இருந்தபோது நான் நாற்று நடப் போனால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடு மேய்த்தவள் அவள். நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய். தலைவர் அதை ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினார்கள். இந்த வருஷம் மாசியில் ஜேசிபி வந்தது.

முதல் நாள் மேய்க்காலில் நன்றாகத்தான் எடுத்தார்கள். உண்மையான வேலிகாத்தான், வேரோடு வந்தது. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. மறுநாள் காலையில் வண்டி கால்வாயைத் தாண்டியது. நான் அந்தப் பக்கத்துக் கரையில்தான் ஆட்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் மரத்தில் வண்டி கை வைத்ததும் பச்சையம்மா அக்கா ஆடுகளை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"யப்பா, நிறுத்துப்பா. இது வேலிகாத்தான் இல்ல. கருவேலம். காய பாரு, இப்பதான் புடிக்குது" என்றாள்.

வேலையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். "கருவேலம்னு நீயே சொல்றியேம்மா. பேப்பர்லயும் சீமைக் கருவேலம்னுதான் போட்டுருக்கு."

"அது சீமை. இது நம்ம கருவேலம். அதுக்கு காய் மஞ்சளா தொங்கும். இது மணி கோத்த மாரி இருக்கும். கோட பூரா என் ஆடுங்க இத தின்னுதான் உயிரோட கீது."

"எனக்கு மரமெல்லாம் தெரியாதும்மா. மேப்புல செவப்பா இருந்தா எடுக்கணும். இங்க செவப்பா இருக்குது."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். கரைமேல் நின்ற என்னைப் பார்த்தாள். "இன்னாமே, உன் புள்ள போட்ட படந்தான இது. அவன்தான் நேர்ல பாக்காம போட்டான்னா, நீ சொல்லுமே. இது வேலிகாத்தானா?"

எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. ஐம்பதிலிருந்து அறுபது. நான் போனைப் பார்த்தேன். "இரு அக்கா, போட்டோ ஏறிகினு கீது" என்றேன். போட்டோ முன்னாடியே ஏறிவிட்டிருந்தது. மத்தியானத்துக்குள் பத்தொன்பது கருவேல மரம் விழுந்தது. நான் எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

பங்குனியில் காய் உதிர்கிற நேரம் வந்தது. உதிர்க்க மரம் இல்லை. அக்கா ஆடுகளை ஓட்டிக்கொண்டு சாலவாக்கம் வரைக்கும் ரோட்டோரமாகவே போய்வந்தாள். ஒரு நாள் சந்தைக்கு ஆறு ஆட்டை ஏற்றிவிட்டாள், அதில் இரண்டு சினை. சினையாட்டை அவள் விற்று நான் பார்த்ததே இல்லை. சித்திரையில் ஒரு மழை பெய்தது. மரம் பிடுங்கிய குழிகளில் விரல் நீளத்துக்குப் பச்சையாக முளைத்து வந்தது. புல் என்று நினைத்து ஓடிப்போய்ப் பார்த்தேன். வேலிகாத்தான் கன்று. கருவேலம் இருந்தவரைக்கும் அந்த நிழலில் அது தலையெடுத்ததில்லை.

அந்த மழைக்கு முன்பு, பங்குனிக் கடைசியில்தான் உன்னிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ மீட்டிங்கில் இல்லாத அன்று. நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீ சிரித்தாய். "அட, அதுக்கா இவ்ளோ ஃபீல் பண்ற. வேற யாராவதுன்னா எடத்த போனே பதியிற மாரி வச்சிருப்பேன். அம்மாதானேன்னு வுட்டுட்டேன். பரவால்ல வுடு. எந்த மேப்பும் நூத்துக்கு நூறு வராதும்மா. இவ்ளோ தப்பு வரலாம்னு ஒரு அளவு கீது. நம்ம மேப்பு அந்த அளவுக்குள்ளதான் கீது."

"அப்போ அத மாத்த முடியாதா?"

"மாத்துனா கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் திரும்ப ஓட்டணும். கட்டுரை அனுப்பியாச்சி. இத வச்சிதான் அங்க சீட்டே குடுத்தாங்க. இப்ப போய் கிளறாதம்மா."

அன்றிலிருந்து எனக்கு உன்மேல் எரிச்சல். நான் சோம்பேறித்தனத்தில் செய்த தப்பு அது. படிக்காதவள், கால் வலி, அவசரம், என்ன காரணம் வேண்டுமானாலும் நான் சொல்லிக்கொள்ளலாம். நீ படித்தவன். தெரிந்தபிறகும் அதற்கு ஓர் அளவு வைத்துக்கொண்டு அதற்குள் போட்டு மூடிவிட்டாய். உன் அளவுக்குள் பத்தொன்பது மரம் இருக்கிறது. இரண்டு சினையாடு இருக்கிறது. நாளைக்கு நீ ஊர் பேர் தெரியாத தேசத்துக்கு மேப் போடுவாய். அங்கேயும் யாராவது ஒருத்தி கரைமேல் நின்றுகொண்டு 'ஆம்' அமுக்குவாள். அவள் தாயாக இல்லாவிட்டாலும் அமுக்குவாள். அப்போதும் சிரிப்பாயா? இன்னொன்றும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. நான் காட்டுவதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும் என்றாயே. அப்படியானால் கருவேலத்தையெல்லாம் வேலிகாத்தான் என்று நான் அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். நான் கால் வைக்காத ஊரில்கூட அது என் வாயால்தான் 'ஆம்' சொல்லிக்கொண்டிருக்கிறது. திருமுக்கூடல் பக்கம் வரைக்கும் அந்தச் சிவப்பு போயிருக்கிறது. இதை உன்னிடம் மெசேஜில் கேட்டேன். கட்டைவிரல் வந்தது.

உன்னிடம் பேசிப் பயனில்லை என்று ஆனபிறகு பச்சையம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தழை கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். நான் போகவே இல்லை, கரையில் நின்று அமுக்கினேன், அவள் கேட்டபோதும் தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன் என்றேன். அவள் கை நிற்கவில்லை. கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உன் புள்ள தப்பா போட்டான்னு நெனச்சிகினு அவன மனசார திட்டிகினு இருந்தேன்" என்றாள். "அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கையில் தழை பறிக்கும் கொக்கியோடு என் வாசலில் வந்து நின்றாள். "வா. அந்த நம்பருங்கள காட்டு" என்றாள். பதினோரு இடத்துக்கும் போனோம். எட்டு, பிடுங்கிய கருவேலத்தின் குழி. இரண்டு, நிஜமாகவே வேலிகாத்தான். ஒன்றில் மரமே இல்லை, தண்ணீர் தேங்குகிற பள்ளம், அதில் கோரை. பிறகு தெற்குப் பக்கம், ஜேசிபி இன்னும் போகாத சிவப்புக்குள் போனோம். நான்கு நாள் நடந்தோம். அவள் மரத்தைச் சொல்லுவாள், நான் எழுதுவேன், படம் எடுப்பேன். இந்தத் தடவை என் நிழல் எல்லாப் படத்திலும் விழுந்திருக்கிறது. வேண்டுமென்றேதான் விட்டேன். நான் அங்கே நின்றேன் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மே தினக் கிராம சபையில் எழுந்து நின்று சொன்னேன். தெற்குப் பக்கம் மரம் எடுக்கும் தீர்மானத்தைப் படித்து முடித்திருந்தார்கள். "அந்த மேப்பு தப்புங்க. தப்பு பண்ணது என் பையன் இல்ல, நான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, ஊருக்கே பெருமையா பேசிகினு இருந்தோம். உன் புள்ள பேர நீயே கெடுக்கிறியே" என்றார். "அவன் பேரு கெட்டா தொடச்சிக்குவான். மரம் போனா வராதுங்க" என்றேன். நான் உன்னைப் பற்றிச் சொன்னது உண்மையா என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கடைசியில் எங்கள் பட்டியலை வாங்கிக்கொண்டார். நேரில் வந்து பார்க்கும்வரைக்கும் தெற்குப் பக்கம் வண்டி வராது என்று தீர்மானத்தில் எழுதவைத்தார். அந்த மரங்கள் நிற்கின்றன. அடுத்த வாரமே மேட் வேலையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மற்றவர்களோடு சேர்ந்து நானும் மண் கூடை தூக்குகிறேன். மறுபடி என் குதிகாலில் வலி வருகிறது. நீ அதற்காக வருத்தப்பட்டு எதுவும் அனுப்ப வேண்டாம், மாத்திரை இருக்கிறது. ஆனால் அடுத்த ஊரில் வண்டி நிற்கவில்லை. என் வாய்ச்சொல் நம் ஊர் எல்லையோடு சரி. அங்கே அவர்கள் கையில் உன் மேப்தான் இருக்கிறது, அதன் அடியில் உன் பெயர்தான் இருக்கிறது. கருவேலம் எது, வேலிகாத்தான் எது என்று அங்கேயும் ஒரு பெண் கத்திக்கொண்டிருப்பாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கவருக்குள் எங்கள் பட்டியலின் நகல் இருக்கிறது, அக்காவின் கைநாட்டும் என் கையெழுத்தும் போட்டது. படங்களை உன் போனுக்கு அனுப்பிவிட்டேன், கட்டைவிரல் போட்டாயே, அதுதான். விமானம் ஏறுவதற்கு முன் திரும்ப ஓட்டு. எத்தனை நாள் ஆனாலும் ஓட்டு. ஒன்றிய அலுவலகத்துக்கு உன் பெயரில் எழுது, இந்த மேப் தப்பு, இதை வைத்து மரம் எடுக்காதீர்கள் என்று. உனக்குச் சீட்டுக் கொடுத்தவர்களுக்கும் எழுது. அவர்கள் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு அது தாங்கும். உன் நைனாவுக்குக் கொஞ்ச நாள் தாங்காது, நான் பார்த்துக்கொள்கிறேன். என்னை எங்கேயும் காப்பாற்றி எழுதாதே. அம்மா இடத்துக்குப் போகவில்லை என்றே எழுது.

அப்புறம், பச்சையம்மா பெரியம்மாவுக்கு நீயே போன் பண்ணு. உனக்காக நான் பேசமாட்டேன். தெரியாத நம்பர் என்றால் முதல் தடவை அவள் கட் பண்ணிவிடுவாள், மறுபடி அடி. சாயங்காலம் ஆடு பட்டிக்கு வந்தபிறகு அடி. எடுத்ததும் அளவு, கணக்கு என்று ஆரம்பிக்காதே. "ஆடுங்கல்லாம் எப்டி கீது பெரிம்மா" என்று கேள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள், நேரமாகும். குறுக்கே பேசாமல் முழுசும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு நீ சொல்ல வேண்டியதைச் சொல்.

உன் அம்மா